வீட்டில் படிக்கும் நம் பிள்ளைகளும் வரலாறும்: செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெற்றோருக்கும், தாத்தா பாட்டிகளுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் நம் குடும்பங்களின் சங்கத்துக்கு, ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரையிலான அறிக்கை இது. ஆண்டுத் தொடக்கத்தில் 11 குடும்பங்களாக இருந்தோம், இப்போது 14. செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. மற்ற விவரங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. வரலாற்றைப் பாடமாக நடத்தாமல், பிள்ளைகள் கேட்கும் இடத்திலிருந்து தொடங்குவோம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோமே, அது என்ன ஆயிற்று என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. ஜூன் மாதம் அருங்காட்சியகத்துக்குப் போனபோது ஆளுக்கு 20 கேள்விகள் அடித்த தாளைக் கையில் கொடுத்தோம். பிள்ளைகள் சிலைகளைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த பலகையைப் பார்த்து எழுதிவிட்டு வெளியே ஓடினார்கள். அந்தத் தாளைத் தயாரித்தவன் நான். அதற்குப் பிறகு எங்கும் தாள் கொண்டு போவதில்லை என்று முடிவெடுத்தோம்.

வழி திறந்தது ஒரு நாயால். ஆகஸ்டில் நம் பையன் ஒருவனின் நாய் இறந்துபோனது. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவனிடம் அவன் அம்மா எடுத்தனூர் நடுகல்லின் படத்தைக் காட்டினார். நம் திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்தான். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட ஒரு வீரனுக்கு எடுத்தது. அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. அரசன் பெயரோடு ஒரு நாயின் பெயரும் 1,400 ஆண்டு நின்றிருக்கிறது!

அந்தப் படம் வீடு வீடாகப் போனது. "நம்ம வேடியப்பன் கோவில்ல இருக்கிறதும் இந்த மாதிரிக் கல்லுதானே?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம், நம் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிற பல கற்கள் நடுகற்களே. அதிலிருந்து மூன்று மாதம் பிள்ளைகள் ஏரிக்கரை, வயல்வரப்பு என்று தேடித் திரிந்தார்கள். மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி மை தடவி எடுக்கும் படி) எடுக்க அனுமதி வேண்டும் என்பதால் கல்லைத் தொடாமல் பார்த்து வரைந்தார்கள். வரைந்ததில்தான் கண் பழகியது. வில்லா வாளா, அம்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கொண்டை எந்தப் பக்கம் என்றெல்லாம் இன்று அவர்கள் எனக்குச் சொல்லித் தருகிறார்கள்.

"எது முன்னாடி, எது பின்னாடி என்று தெரிய வேண்டாமா?" என்று சில பெற்றோர் கவலைப்பட்டது நியாயமே. அதற்காகத்தான் ஒரு நீளக் கயிற்றைக் காலக்கோடாக வைத்தோம். இன்றிலிருந்து பின்னோக்கி 100 ஆண்டுக்கு ஒரு மீட்டர். பாட்டி பிறந்தது 80 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு. அணா போய்ப் புதுக்காசு வந்த 1957 ஏப்ரல் 1 அதைவிட நமக்குச் சற்று அருகில். (ரூபாய்க்கு 16 அணா என்று பாட்டி கடைக்கணக்குப் போட்டுக் காட்டியதில் பின்னக் கணக்கும் சேர்ந்தே வந்தது.) கோவிவனுக்கு முடிச்சுப் போட 14 மீட்டர் நடக்க வேண்டும். கீழடியில் கிடைத்த மிகப் பழைய பொருள்களுக்குக் கயிறு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. நடந்து பார்த்த தொலைவைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

ஜனவரியில் செஞ்சிக்கோட்டை. 2025 ஜூலையில் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செய்தியைப் பிள்ளைகளே படித்துவிட்டு நச்சரித்தார்கள். போவதற்கு முன்பு ஒரு தாத்தா தேசிங்குராஜன் கதைப்பாடலைப் பாடினார். மலையிறங்கியதும், பாட்டில் வருவதெல்லாம் நடந்ததா என்ற கேள்வி வந்தது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி தேசிங்கு இறந்தது வரலாறு. சண்டைக்குக் காரணம் கட்டாத கப்பம். அவன் நண்பன் மகபத்கானும் அதே போரில் விழுந்தான். "அப்போ இது சாமிச் சண்டை இல்லை, பணச் சண்டை" என்று பத்து வயதுக்காரி ஒருத்தி சொன்னாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிப்ரவரியில் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள்; ஊர்ச்சபைக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்பவை. 30 குடும்பு (ஊரின் பிரிவுகள்), ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கல், எடுப்பது ஒரு சிறுவன், பதவி 360 நாள். நாங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றோம். வழியெல்லாம் கேள்விதான். "என் பேரை எழுதிப் போட்டிருப்பாங்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அது பிராமணர் ஊர்; 35 முதல் 70 வயதுக்குள், சொந்த நிலமும் வீடும், வேதப் படிப்பும் இருந்தவர்களுக்கு மட்டுமே வாய்ப்பு. பெருமையைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளால் இரண்டையும் தாங்க முடிகிறது.

அந்த விதிகளில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது, முன்பு வாரியத்தில் (ஊர்ச்சபைக் குழுவில்) உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது என்பது. அடுத்த கூட்டத்தில் நம் பொருளாளரிடம் கணக்குக் கேட்டார்கள். அவரும் வரவு செலவை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். வண்டி வாடகைதான் பெரிய செலவு. தணிக்கை செய்த கணக்கை இன்று உங்கள் முன்னும் வைப்பார்.

நம் பிள்ளைகளில் மூன்று பேர் 14 வயதைத் தாண்டிவிட்டார்கள். என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் பதிவு செய்கிறார்கள். அதில் ஒருத்தி சமூக அறிவியலை விரும்பி எடுத்திருக்கிறாள். தேர்வுக்கான பாடப்புத்தகத்தை முறையாகப் படித்தே ஆக வேண்டும். கயிறும் நடுகல்லும் அதற்கு ஈடாகாது. வாரம் ஒரு மாலை அவளோடு உட்கார ஒருவர் தேவை. பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

பாடிய தாத்தாவுக்கும், அணாக் கணக்குச் சொன்ன பாட்டிக்கும், வெயிலில் பிள்ளைகளோடு அலைந்த அம்மாக்களுக்கும் சங்கத்தின் நன்றி.

கடைசியாக, பிள்ளைகள் கையெழுத்திட்ட ஒரு மனு. வரும் ஆண்டுச் செயற்குழுவைக் குடவோலையில் எடுக்க வேண்டும், ஓலையில் அம்மாக்கள், அப்பாக்கள் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவர் பெயர் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். குடமும் கொண்டு வந்திருக்கிறார்கள். செயற்குழுவுக்குச் சம்மதம், பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்