42 தக்காளிப் பெட்டிகளுக்கு ஒரு நன்றி மடல்

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கம்பக்கத்து அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பக்ரீத் பெருநாள் அன்று மதியம் இரண்டு மணிக்கு மேல், மலைக்குப் போக வேண்டிய குர்பானிக் கறி (பெருநாளுக்கு அறுத்துப் பங்கிடும் கறி) ஐஸ் வராமல் கெடும் நிலைக்கு வந்தது கம்பத்திலிருந்து குமுளி வரை தெரியாதவர் இல்லை. அதை மறுபடி எழுதுவதில் பயனில்லை. ஐஸ் தருவதாகச் சொன்னவர்கள் மீது எங்களுக்கு வருத்தம் உண்டு, அதுவும் இங்கே வேண்டாம். மலைமேல் போக வேண்டிய கறி மேலே போய்ச் சேர்ந்தது. யாரால் சேர்ந்தது என்பதைக் கை ஈரம் காயும் முன்பே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

முதல் நன்றி காய்கறி மண்டியில் தக்காளி ஏவாரம் பண்ணும் அண்ணனுக்கு. பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் செய்தது கேட்டால் சின்ன விஷயம்தான்: 42 காலிப் பெட்டிகளைக் கழுவி, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அது ஏன் அன்றைக்கு அத்தனை பெரிய காரியம் ஆனது என்பது கறி வெட்டியவர்களுக்கு மட்டுமே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறோம்.

25 கிலோ உயிர் எடை உள்ள கிடாவில் தலை, கால், தோல், குடல் எல்லாம் போக எலும்போடு 11 அல்லது 12 கிலோ கறி தேறும். அதில் ஒரு பங்கு கொடுத்தவர் வீட்டுக்கு, ஒரு பங்கு சொந்தபந்தத்துக்கு, ஒரு பங்கு இல்லாதவர்களுக்கு என்பது நல்ல வழக்கம், கட்டாயம் அல்ல. இந்த வருஷம் 38 கிடாவில் பலரும் தங்கள் வீட்டுப் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி இரண்டையும் எங்களிடமே விட்டுப் போனார்கள். கடைசியில் கையில் நின்றது 285 கிலோ. முக்கால் கிலோ வீதம் 380 பொட்டலம். அதில் பாதிக்கு மேல் ஏலக்காட்டு வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கும் மேலே லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கும். பெருநாள் ஆனாலும் விடியுமுன் ஜீப் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறவர்கள். ஆக எந்தத் தடங்கலும் இல்லாத வருஷத்திலும் அந்தக் கறி சாயங்காலம் வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

கறிக்குக் காத்திருக்கத் தெரியாது. அறுத்த ஆட்டின் உடம்பில் 39 டிகிரிச் சூடு இருக்கும். உயிர் போனதும் அது போய்விடாது. தசைக்குள் நடக்கும் மாற்றங்கள் இன்னும் கொஞ்ச நேரம் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கறியைச் சாக்கில் கட்டி அடுக்கினால் வெளிப்பக்கம் மட்டும் ஆறும், நடு அப்படியே அவியும். முதலில் கெடுவது எலும்பு ஓரம், அதிலும் தொடை மூட்டு. மேலே பார்த்தால் சிவப்பாக நன்றாகவே இருக்கும், மூட்டைப் பிளந்தால் பச்சை ஓடியிருக்கும். அன்று முதல் சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்தபோது வெந்நீர்ப் பானைக்குள் விட்டது போல இருந்தது. நடுவில் இருந்த ஆறு கிலோவைக் குழி தோண்டிப் புதைத்தோம். அது எங்கள் தவறு. சாக்கு வாங்கியதும் நாங்கள்தான், கட்டச் சொன்னதும் நாங்கள்தான்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மண்டிக்கு அன்று விடுமுறை. சாக்கைப் பார்த்தார், கையை வைத்தார். "என்ன பாய், பழத்தையே அடைச்சுக் கட்டுனா மூச்சு முட்டி அவிஞ்சு போகும். இது அறுத்த சூடு. அவுத்துக் கொட்டுங்க மொதல்ல" என்றார். திரும்பிப் போனார். முக்கால் மணி நேரத்தில் பெட்டிகள் வந்தன.

தக்காளிப் பெட்டியைப் பார்க்காதவர் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. நாலு பக்கமும் அடியிலும் ஓட்டை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பாரம் பெட்டியின் விளிம்பில்தான் நிற்கும், உள்ளே இருக்கும் பண்டத்தின் மேல் இறங்காது. கறிக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்: காற்று உள்ளே நுழைய வேண்டும், ஒன்றை ஒன்று நசுக்கக் கூடாது. 25 கிலோ தக்காளி பிடிக்கும் பெட்டியில் கறியை ஆறேழு கிலோவுக்கு மேல் போட விடவில்லை அவர். ஒரே அடுக்கு, துண்டுக்குத் துண்டு விரல் இடைவெளி. அடியில் ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல்தான் அடுக்கு ஆரம்பம். அப்போதுதான் கீழ்ப்பெட்டிக்கும் காற்று வரும், வடிகிற ரத்தமும் தேங்காது. ஐந்து பெட்டிக்கு மேல் உயரம் வேண்டாம். அடுக்கையும் சுவரை ஒட்டி வைக்கவில்லை. குமுளிப் பக்கமிருந்து இறங்கும் காற்று மண்டபத்தின் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று துண்டை விரித்துப் பிடித்துப் பார்த்து, அதற்கு நேராக முழக்கணக்கில் சந்து விட்டு நிறுத்தினார். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டபோது கறி சில்லென்று இருந்தது. மேல்பரப்பு லேசாக உலர்ந்து, விரலில் பிசுபிசுப்பு ஒட்டவில்லை. அந்த உலர்ந்த மேல்தோல்தான் கறிக்குக் காவல்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுத்தம் என்று நினைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கறியைக் கழுவிய தம்பிமார்களே, உங்கள் உழைப்புக்கு நன்றி, அடுத்த வருஷம் தயவுசெய்து வேண்டாம். ஈரம் பட்ட கறி சீக்கிரம் கெடும். சாணி, ரோமம் ஒட்டிய இடத்தைக் கத்தியால் சீவி எடுத்தால் போதும். கழுவுவது சட்டியில் போடும் நேரத்து வேலை. அதேபோல வெட்டிய சூட்டோடு பிரீசரில் திணிக்கவும் கூடாது. விறைக்கும் முன்பே உறைந்த கறி உருகும்போது முறுக்கிக்கொண்டு ரப்பராகிவிடும். பிறகு ஆட்டையும் வெட்டியவரையும் குறை சொல்வார்கள்.

பெட்டிகளில் ஆட்டுக்கறி மட்டுமே வைத்தோம். அண்ணன் அப்படி நிபந்தனை எதுவும் போடவில்லை. அவர் வீட்டில் கறியே சமைப்பதில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் கீறிவிட்ட வாழையிலை விரித்திருந்ததை அப்போதுதான் திரும்ப நினைத்துப் பார்த்தோம். இலையை ஏன் கீறியிருக்கிறது என்று வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டதற்கு, "கீறலைன்னா ஓட்டை அடைபட்டுப் போகும்ல" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அல்-ஹஜ் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் குர்பானிக் கறியை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிற இடத்தில் இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்கிறது. ஒருவர் வாய்விட்டுக் கேட்டு வருபவர். மற்றவர் இருப்பது போதும் என்று வாய் திறக்காமல் இருப்பவர். கேட்டு வருபவருக்குக் கொடுப்பது சுலபம். வாசலில் வரிசை நிற்கும், கை நீளும், கொடுத்துவிடலாம். அதே வரிசையில் ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் நின்று மூன்று பொட்டலம் வாங்குவார்கள், நிற்கக் கூச்சப்படுகிற வீட்டில் அடுப்பு வழக்கம்போல ரசத்தோடு முடியும். இரண்டாமவரைத் தேடிப் போவதுதான் வேலை. அன்று கேட்காமல் நின்றுகொண்டிருந்தவர்கள் நாங்கள். எங்களைத் தேடி வந்தவர் அண்ணன்.

அடுத்ததாக ஜீப் ஓட்டும் தம்பிகள். கம்பம் மெட்டு வழியாகச் சுற்றிப் போய் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் பெட்டி சரியாமல் கொண்டு சேர்த்தீர்கள். அதைவிடப் பெரியது உங்கள் பட்டியல். எந்த வீட்டில் ஆள் படுத்திருக்கிறார், எந்த வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள், யார் வரிசைக்கு வரமாட்டார்கள் என்பது தினமும் ஏற்றி இறக்கும் உங்களுக்குத்தான் தெரிந்திருந்தது. நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) குர்பானிக் கறியை முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கும் கொடுக்கத் தடையில்லை, அதனால் பட்டியலில் நாங்கள் கை வைக்கவில்லை.

வெட்ட வந்த கசாப்புக்காரர்கள், கத்தி ஒவ்வொன்றையும் ஆட்டின் கண்ணுக்கு மறைவாகத் தீட்டிக் கொடுத்தவர், அசையாத தராசு தந்த மளிகைக்கடைக்காரர், குடல் அலசி வெந்நீரில் சுரண்டிக் கொடுத்த அக்காமார், இரவு பதினொன்று வரை பொட்டலம் கட்டிய மதரஸாப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து நன்றி. வெட்டுக்கூலி முழுவதும் பணமாகவே கொடுக்கப்பட்டுவிட்டது. கறியையோ தோலையோ கூலியாகக் கழிக்கக் கூடாது என்பது அலீ (ரலி) அவர்கள் வழியாக வந்த ஹதீஸ், அதாவது நபிமொழி. வெட்டியவர்கள் வீட்டுக்குப் போன பொட்டலம் கூலிக் கணக்கில் வராத அன்பளிப்பு. தோலில் ஓட்டை விழாமல் முஷ்டியால் உரித்த இருவருக்குத் தனி நன்றி. தோலுக்கு இப்போது விலையே இல்லை என்பது வேறு கதை. இருந்தாலும் உரித்த சூட்டோடு உப்புத் தடவி வைத்தோம், திண்டுக்கல் போகும்.

வருகிற வருஷத்துக்கு எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்டது. கிடா பிடிக்கும் முன்பே பெட்டி சொல்லிவைக்கப்படும், வாடகை கொடுத்து. பிளாஸ்டிக் சாக்கு மண்டப வாசலைத் தாண்டாது. முந்தின இரவிலிருந்து ஆட்டுக்குத் தீனி நிறுத்தித் தண்ணீர் மட்டும் காட்டுவோம். இரைப்பை பெருத்திருந்தால் கத்தி பட்டுச் சாணி சிதறும், அன்று அது நடந்தது. தொடையை முழுசாகத் தொங்கவிடாமல் மூட்டில் பிரித்து ஆறவிடுவோம். மலைக்குப் போகும் பங்கு முதல் பங்கு. உள்ளூர் வரிசை அதற்குப் பிறகு. பொட்டலம் போடும்போது தொடைக்கறி, நெஞ்செலும்பு, கழுத்து, கொழுப்பு, ஒரு துண்டு ஈரல் என்று எல்லாம் கலந்துதான் போடுவோம். நல்ல துண்டு தெரிந்தவர் வீட்டுக்கும் எலும்பும் சவ்வும் லயத்துக்கும் போகிறது என்ற பேச்சு சில வருஷமாக உண்டு. அது பொய் இல்லை.

மலையில் வாங்கியவர்கள் பலர் குளிர்பெட்டி இல்லாமல் எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிரவே சமைக்க முடியாவிட்டால் மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணீர் அதிகம் விடாமல் வேகவைத்து, மறுநாள் காலையில் இன்னொரு கொதி விடுங்கள். உப்புக்கண்டம் போடுவதானால் எலும்பும் கொழுப்பும் நீக்கி விரல் கனத்துக்கு நீளவாக்கில் அரிந்து, கிலோவுக்கு நூறு கிராம் உப்பும் மஞ்சளும் பிசறி ஓர் இரவு வைத்துக் கோத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு இருந்தால் சிக்கு வாடை வரும். சாரல் காலத்தில் வெயிலை நம்பாமல் அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெட்டிகளைச் சோடா போட்டு வெந்நீரில் தேய்த்து இரண்டு நாள் காய வைத்திருக்கிறோம். எண்ணிப் பார்த்தால் 41தான் இருக்கிறது. அண்ணனிடம் சொன்னால் "ஒண்ணு போனாப் போகுது, விடுங்க" என்பார், அதனால் சொல்லவில்லை. நீல நிறம், ஒரு பக்கம் கைப்பிடி உடைந்து கம்பி கட்டியிருக்கும். ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியிலோ யார் வீட்டுத் திண்ணையிலோ கிடந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் மண்டபத்தில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். யார் எடுத்தது என்று கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
குர்பானிக் குழுவினர்