சிங்கராஜவில் அப்பாவைத் தாங்கிக் கூட்டிவந்தவர்களுக்கு

போன சனிக்கிழமை இலங்கையின் சிங்கராஜ வனத்துக்குள், குடாவ ஊர்ப் பக்கம், என் அப்பாவுக்கு ஓடைக் கல்லில் வழுக்கிக் கால் பிரண்டுவிட்டது. வயது 68. விழும்போதும் தொலைநோக்கியை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தார், அதை எழுதாதே என்றார், எழுதிவிட்டேன்.

முதல் நன்றி வழிகாட்டித் தம்பிக்கு. அந்தக் காட்டில் ஒரு கம்பைக்கூட ஒடிக்கக் கூடாது என்பதால் தன் குடையையே ஊன்றுகோலாகக் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்தபடி "ஹெமின், ஹெமின்" (சிங்களத்தில் மெல்ல, மெல்ல) என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் அப்பாவை ஒரு கல்லில் உட்காரவைத்தார், அந்த இடத்தில்தான் பறவைக்கூட்டம் வந்தது! தவிட்டுக்குருவிகள் கத்திக்கொண்டு முன்னால், கூடவே கொண்டைக் கரிச்சான், அப்புறம் பெயர் தெரியாத பல இனங்கள். மற்றவை கிளறிவிடும் பூச்சியைக் கரிச்சான் பிடித்துத் தின்னும், பருந்து வந்தால் அதுதான் முதலில் கத்தி எச்சரிக்கும் என்று தம்பி கிசுகிசுத்தார். அதற்குள் கெஹிபெல்லா என்ற பறவை ஒன்று தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. நீல உடம்பு, செங்காவித் தலை, சிவந்த அலகு, சிவந்த கால். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அப்பா கால்வலியை மறந்துவிட்டார், இரண்டு காலிலும் ஏறியிருந்த அட்டைகளையும்தான்.

மற்றப் பக்கத்தைத் தாங்கிப் பிடித்த வனப் பாதுகாப்புத் திணைக்கள ஊழியருக்கும், ஈர உடுப்போடு வந்தவர்களைத் தயங்காமல் உள்ளே கூப்பிட்டு, சுடுநீரும் பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் தந்த குடாவ அம்மாவுக்கும் நன்றி. எங்களுக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் இல்லை, ஒரு குறையும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து காத்திருந்த வேன்கார அண்ணாவுக்கும்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள், பெயர் தெரியாது. நாங்கள் நடந்த அகலப் பாதை 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டி இழுத்த பாதையாம். அன்றைக்கு எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களால்தான் வெட்டு நின்றது, 1988இல் உலக மரபுரிமை என்ற பெயரும் வந்தது. அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் கெஹிபெல்லா உட்காரக் கிளை ஏது?

தம்பி, உங்கள் குடை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தபாலில் அனுப்பலாம் என்றேன், அப்பா விடவில்லை. கால் சரியானதும் தானே கொண்டுவந்து தருவாராம்.