குடிப்பவருக்குத் தெரியாமல் கலக்கும் பொடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு சுவரில் தொடங்கி ஏற்காடு அடிவாரம் வரைக்கும், உங்கள் பத்திரிகையின் வரி விளம்பரத்திலும்கூட, 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று ஒரு போன் நம்பர் போட்டிருக்கும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. பதினைந்து வருடக் குடி. சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் நேராகக் கடைதான். அண்ணி சண்டை போட்டுப் பார்த்தார், முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தார், கடைசியில் அந்த நம்பருக்குப் பணம் அனுப்பி, கூரியரில் வந்த பொடியை வியாழனும் வெள்ளியும் ரசத்தில் கலந்து ஊற்றியிருக்கிறார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஒரு குவார்ட்டர்கூட முடிக்காமல் அண்ணன் வீட்டுக்கு வந்தார். முகமும் கழுத்தும் ரத்தச் சிவப்பு, ஓயாத வாந்தி, நெஞ்சு அடிக்கிற அடியில் பனியனே துள்ளியது. கள்ளக்குறிச்சியில் 2024-ல் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததும், அங்கிருந்து பலரைச் சேலத்துக்கே கொண்டுவந்ததும் கண்முன் வர, ஆஸ்பத்திரியில் நாங்களும் கலப்படச் சரக்கு என்றே சொன்னோம். டாக்டர்களும் அந்த வழியிலேயே பார்த்தார்கள். வெகுநேரம் கழித்துத்தான், மூலையில் நின்ற அண்ணி இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அதில் மருந்தின் பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் போன் நம்பர்.

டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். மனநல மருத்துவர்கள் எழுதித் தருகிற மாத்திரைதான் அது. ஆனால் ஈரலையும் இதயத்தையும் சோதித்து, குடிப்பவரிடம் சொல்லி அவர் சம்மதம் வாங்கி, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது போன பிறகே தொடங்குவார்களாம். குடித்தது உடம்புக்குள் அசிட்டால்டிஹைடு என்கிற நஞ்சாக மாறி அப்புறம்தான் கரையும். அந்தக் கரைகிற வேலையை இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மாத்திரையை விட்ட பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் இருக்குமாம், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து குடித்தால்கூட ஆபத்து.

அண்ணன் பிழைத்துவிட்டார். அண்ணியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வேறு வழி இருக்கிறதென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் அவர் ரசம் ஊற்ற வந்தால் அண்ணன் தட்டை நகர்த்திக்கொள்கிறார்.

தினமும் குடிப்பவரை வீட்டில் அடைத்துவைத்து ஒரே நாளில் நிறுத்துவதும் இதேபோல் ஆபத்துதான். கை நடுங்கும், ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் ஓடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு, 1937-ல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் நம் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்த நாளிலிருந்து நடக்கிறது, நடக்கட்டும். நான் கேட்பது சின்ன விஷயம். அந்த வரி விளம்பரத்தை இனி வாங்காதீர்கள். அதே இடத்தில் போதை மீட்புக்கான இலவச எண் 14446-ஐப் போடுங்கள், அண்ணியைப் போல அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்