பம்ப்பைத் திறக்காமலே வாரண்டி இல்லை என்றது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பெட்ரோல் பிரஷர் வாஷரில் அழுத்தம் இல்லாதது

ஐயா,

வணக்கம். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளில் ஒரு பேட்ச் கோழி ஏற்றினதும் ஷெட்டைக் கழுவிக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்காகத்தான் உங்கள் மெஷினை வாங்கினேன். நான்கு மாதம் ஆகிறது, வாரண்டி ஒரு வருடம்.

170 பார் அழுத்தம் என்று சொல்லி விற்ற மெஷின் இப்போது 60ஐத் தாண்டுவதில்லை. மீட்டர் முள் நிற்காமல் ஆடுகிறது, ஹோஸ் கைக்குள் துடிக்கிறது. தரையில் காய்ந்த எச்சமோ அசையக் காணோம்.

போனில் சொன்னதை எல்லாம் செய்தேன். நாசிலை ஊசியால் குத்தி எடுத்தேன், வேறு நாசிலும் மாட்டிப் பார்த்தேன். தண்ணீர் பத்தவில்லையோ என்றார்கள். 1000 லிட்டர் டேங்கிலிருந்து ஒரு இன்ச் குழாயில் வருகிறது. காற்று இழுக்கிறதோ என்று கிளாம்ப்பை மாற்றினேன். கடைசியில் கார்புரேட்டரைக் கழுவச் சொன்னார்கள். இன்ஜின் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, லோடிலும் திணறுவதில்லை. வயிற்று வலி என்று போனவனுக்குக் கண் பரிசோதனை!

பதினோரு நாள் கழித்து உங்கள் மெக்கானிக் வந்தார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, 'உப்புத் தண்ணீர் பயன்படுத்தியதால் வாரண்டி இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். பம்ப்பில் ஆயில் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் துடைத்து அவரிடமே காட்டினேன். உள்ளே இருந்த ஆயில் பால் ஊற்றின காபி மாதிரி இருந்தது. தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம் வரும். பம்ப்புத் தண்ணீரை ஆயில் பக்கம் விடாமல் தடுக்கிற சீல் விட்டால்தான் இவ்வளவு தண்ணீர் உள்ளே போகும். உப்புதான் காரணம் என்றால் இன்லெட் ஃபில்டரில் வெள்ளையாகப் படிந்திருக்க வேண்டாமா? அது புதுசு போல இருக்கிறது. "அதெல்லாம் கம்பெனியிலதான் பாக்கணுங்ண்ணா" என்று கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, சொன்னதைச் செய்கிறார்.

டிரிகரை விட்டுவிட்டு மெஷினை ஓடவிட்டால் அதே தண்ணீர் பம்ப்புக்குள் சுற்றிச் சூடாகி சீல் போகும் என்று அடுத்துச் சொல்வீர்கள். அது எனக்கும் தெரியும். இரண்டு நிமிடம் நிறுத்துவதாக இருந்தாலும் இன்ஜினை ஆஃப் செய்துவிடுவேன்.

பம்ப்பைத் திறந்து பார்த்து, சீல் செட்டையோ பம்ப்பையோ வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். உப்பு என்றுதான் மறுபடியும் சொல்வதானால், எந்தப் பாகத்தில் கண்டீர்கள் என்று எழுத்தில் வேண்டும். 15 நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். தொழிலுக்கு வாங்கியது செல்லாது என்று சொல்லிவிடாதீர்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கினவனும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் வருடச் சட்டமே சொல்கிறது.

பில், வாரண்டி அட்டை, மெக்கானிக் எழுதின தாள், ஆயில் கண்ணாடியின் போட்டோ ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். அந்த ஆயிலை இன்னும் மாற்றவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். அடுத்த முறை வருபவரிடம் பம்ப்பைக் கழற்ற ஸ்பானரும் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், பல்லடம்