விசிறிக்குள் ஒளிந்திருக்கும் முழங்கால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் நவீன நடன முன்னோடிகளைப் பற்றி வந்த கட்டுரையை, மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தேன். இசடோரா டங்கன், மார்த்தா கிரஹாம், பினா பாஷ் என்று பெரிய பெயர்களெல்லாம் இருந்தன. சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில், நம் ஊரில் இப்படி ஒன்று நடக்கவே இல்லை, நடந்த ஒன்றிரண்டும் மேற்கைப் பார்த்துச் செய்தவை என்ற மாதிரி முடித்திருந்தார் கட்டுரையாளர். சென்னையில் அச்சாகும் பத்திரிகை. பெசன்ட் நகர் கடற்கரையில் வாழ்ந்து, அங்கிருந்தே உலகம் பூராவும் தன் ஆட்டங்களைக் கொண்டுபோன நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஆட்டக்காரன் இல்லை, விமர்சகனும் இல்லை. மயிலாப்பூரில் நாற்பத்தொரு வருஷமாக பரதநாட்டிய உடை தைக்கிறேன். எனக்கு எதையும் துணி வழியாகத்தான் பார்க்க வரும். கட்டுரையில் சொன்னவர்களையும் அப்படித்தான் பார்த்தேன். டங்கன் அம்மையார் இடுப்பை நெரிக்கும் இறுக்குக் கச்சையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு, கிரேக்கச் சிலை மாதிரி மெல்லிய துணியில் ஆட வந்தவர். (1927இல் அவர் கழுத்துத் துண்டு கார் சக்கரத்தில் சிக்கித்தான் உயிர் போனது. எங்கள் தொழில்காரனுக்கு வயிற்றைக் கலக்குகிற செய்தி.) மார்த்தா கிரஹாமின் 'லமென்டேஷன்', 1930இல் செய்தது, என் பேரன் செல்போனில் போட்டுக் காட்டினான். குழாய் மாதிரித் தைத்த இழுவைத் துணிக்குள் ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். முகமும் கையும் பாதமும்தான் வெளியே. முழங்கை உள்ளிருந்து துணியை முட்டுகிறது, துணி விறைக்கிறது. அந்த விறைப்புதான் அழுகை. பினா பாஷ் 1975இல் ஸ்ட்ராவின்ஸ்கி இசைக்கு அமைத்த ஆட்டத்தில் மேடை முழுக்க மண். மெல்லிய உடுப்புப் போட்ட பெண்கள் ஆட ஆட, வேர்வையில் மண் அப்பிக்கொண்டே போகும். துவைக்கிறவர்களை நினைத்துப் பாவமாக இருந்தது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

பரதநாட்டிய உடையில் முன்பக்கம் தொங்குகிற கொசுவ மடிப்பை விசிறி என்போம், ஃபேன் என்றும் சொல்வோம். பெண் முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்காரும்போது அது மயில் தோகை மாதிரி விரியும், சரிகை மின்னும், சபையில் அம்மாக்கள் படம் எடுப்பார்கள். அதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. அரைமண்டியில் முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் திறந்து, பக்கத்துக்கு ஒரு கோணமாக நிற்க வேண்டும். பாதிப் பெண்களுக்கு முழங்கால் முன்னால்தான் போகும். ஒரு டீச்சர் ஒருமுறை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு மடிப்பு சேர்த்து வைங்க" என்றார். எனக்குப் புரிந்தது. இரண்டு மடிப்பு சேர்த்தேன். அரங்கேற்றத்தில் முழங்கால் எங்கே பார்க்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முழங்காலை மறைத்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

சந்திரலேகா அந்த விசிறியை எடுத்துவிட்டார். தலைசாமான் இல்லை, நெத்திச்சுட்டி இல்லை, ஒட்டியாணம் இல்லை. பிழைப்பில் மண்ணைப் போடுகிறாரே இந்த அம்மா என்று முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் டிக்கெட் மிஞ்சியது என்று கொடுத்தார்கள், 'ஷரீரா' பார்க்கப் போனேன். 2001இல் அவர் அமைத்தது, அவருடைய கடைசிப் படைப்பு. ஒரு பெண், ஒரு ஆண், துருபத் என்கிற வடநாட்டுப் பழைய பாட்டு, அவ்வளவுதான். அந்தப் பெண் காலை விரிப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு ரவிக்கைக்குக் கை இணைத்திருப்பேன். பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கண் எடுக்க முடியவில்லை. இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து பாதம், ஒரு கோடு மறையவில்லை. தப்பிருந்தால் ஒளிந்துகொள்ள அங்கே ஒரு மடிப்புகூட இல்லை. நான் காசு வாங்கிக்கொண்டு மூடுகிற இடத்தை இந்த அம்மா திறந்து வைத்திருக்கிறார்.

இதை மேற்கைப் பார்த்துச் செய்ததென்று சொன்னால் எப்படி? 1928இல் மகாராஷ்டிரத்தில் பிறந்தவர், சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு சென்னைக்கு நாட்டியம் கற்க வந்தவர். கற்றது காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம். பெரிய பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாவுக்கு, தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துகிற நட்டுவாங்கம் செய்த அதே எல்லப்பப் பிள்ளை. 1952இல் ராயலசீமா வறட்சி நிதிக்காக ஆடிய மேடையில், 'மதுரா நகரிலோ' என்ற அபிநயப் பாட்டில், அதாவது பதத்தில், யமுனைத் தண்ணீரில் தோழிகள் விளையாடுவதை அபிநயித்துக்கொண்டிருக்கும்போதே, தகர டின்னோடு வரிசையில் நிற்கும் ஜனங்களின் பத்திரிகைப் படம் ஞாபகம் வந்து உறைந்துபோனேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு பல வருஷம் பெரும்பாலும் மேடையை விட்டு விலகி, எழுத்து, போஸ்டர், பெண்கள் இயக்கம் என்று இருந்தார். 1985இல் 'ஆங்கிகா'வோடு திரும்பியபோது வயது 56. பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவான அடவையும், கேரளத்துக் களரிச் சண்டைக் கலையையும், யோகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழங்காலக் கணித மேதை பாஸ்கராச்சாரியாரின் கணக்குப் புத்தகத்தைக்கூட 1989இல் 'லீலாவதி' என்று ஆட்டமாக்கினார். கட்டுரையில் இடம்பிடித்த பினா பாஷ் அவருக்கு நெருங்கிய தோழி என்பதையும் கட்டுரையாளருக்குச் சொல்லி வைக்கிறேன்.

மேற்கு என்று பேச்சு வந்ததால் தையற்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். பாலசரஸ்வதி அம்மா காலத்தில் பைஜாமாவுக்கு மேல் புடவையைச் சுற்றிக் கட்டித்தான் ஆடினார்கள். இன்று 'பாரம்பரிய உடை' என்று நாங்கள் தைத்துத் தருகிறோமே, அதற்கு வழி திறந்தது கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அம்மா 1935இல் அடையாறில் மேடையேறிய நாட்களில். தைத்த உடைக்குக் கைகொடுத்தவர் ஓர் இத்தாலியத் தையற்காரப் பெண்மணி. அதற்காக நான் ருக்மிணி தேவியைக் குறை சொல்லவில்லை, அவர் இல்லாவிட்டால் எனக்குச் சோறே இல்லை. ஆனால் வெள்ளைக்காரக் கை பட்ட தையல் பாரம்பரியமாகிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு நெசவுச் சேலைக்குத் திரும்பிய அம்மாள் மேற்கத்தியக்காரி ஆகிவிட்டார்!

சந்திரலேகா செய்த எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று இல்லை. அபிநயத்தை அவ்வளவு ஒதுக்கியிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு நல்ல பதத்துக்குக் கண் போதும், அதற்கு அவர் உடம்பால் போட்டுக் காட்டுகிற முக்கோணமும் வேண்டாம் சதுரமும் வேண்டாம். இதை அவரிடம் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2006 டிசம்பர் 30ஆம் தேதி போய்விட்டார். சபாக்களில் சீசன் நடந்துகொண்டிருந்த நேரம், என் கடையில் ஊசி ஓயவில்லை.

இப்போது அரங்கேற்றத்துக்கு அளவு எடுக்க வருகிற பெண்ணை, டேப்பைத் தொடுவதற்கு முன்னால், இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அரைமண்டியில் உட்காரச் சொல்கிறேன். முழங்காலைப் பார்த்த பிறகுதான் மடிப்புக்குத் துணி வெட்டுகிறேன். சில அம்மாக்களுக்கு இது பிடிக்கவில்லை, இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் திருத்தி, சந்திரலேகாவுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். படம் போடுவதானால் அவருடைய நரைத்த தலைமுடியும் மைதீட்டிய கண்ணும் தெரிகிற படமாகப் போடுங்கள். ஆட்டத்தின் படமானால் முழங்காலை வெட்டிவிடாமல் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாட்டிய உடைத் தையற்காரர்,
மயிலாப்பூர், சென்னை-4