எட்வர்ட் லியரின் கோடுகளை அழிக்காதீர்கள்: குழந்தை நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகளுக்கான நூல்களைப் பதிப்பிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான எட்வர்ட் லியரின் வேடிக்கைப் பாடல்களைத் தொகுப்புகளில் சேர்க்கிறீர்கள், சிலர் தனி நூலாகவும் கொண்டுவருகிறீர்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, லியர் அதற்காகவே வரைந்த படத்தை எடுத்துவிட்டு, வேறொருவரை வண்ண வண்ணமாக வரையவைத்துப் போடுகிறீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

அவருடைய லிமரிக் (ஐந்தடி வேடிக்கைப் பாட்டு) ஒன்றில் ஒரு கிழவர், "உஷ்! இந்தப் புதரில் ஒரு பறவைக் குஞ்சு தெரிகிறது" என்கிறார். சின்னதா என்று கேட்கிறார்கள். "சேச்சே, புதரைப் போல நாலு மடங்கு பெரிசு!" என்கிறார். லியரின் படத்தில் ஒரு துளிப் புதர், அதன்மேல் பூதம் மாதிரி ஒரு பறவை. யார் கண்ணுக்கும் தப்பாத ஒன்றைத்தான் அந்த மனிதர் பெரிய ரகசியம் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார். படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த "உஷ்" சிரிப்பு மூட்டுகிறது.

நான் வாங்கிய ஒரு தொகுப்பில் இதே பாட்டுக்கு அடர்ந்த பச்சைப் புதர் ஒன்றை வரைந்திருந்தார்கள். இலைகளுக்கு நடுவே அழகான ஒரு குருவி எட்டிப் பார்த்தது. அக்கா மகள் படத்தையும் பாட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தத் தாத்தா பொய் சொல்றாரா சித்தி?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு?

இதைவிட மோசமாக அடிபடுவது இன்னொரு லிமரிக்கில் வரும் வைட்ஹேவன் ஊர்க் கிழவர். ஒரு அண்டங்காக்கையோடு ஜோடி சேர்ந்து அவர் நடனம் ஆடுகிறார். இந்தப் பறவைக்கு இடம் கொடுப்பது அபத்தம் என்று "அவர்கள்" சொல்கிறார்கள். கடைசி அடியில் அவரை நொறுக்கியே போடுகிறார்கள். யார் அந்த "அவர்கள்"? லியர் சொல்வதே இல்லை. பாட்டுக்குப் பாட்டு வந்து கேள்வி கேட்பார்கள், அதட்டுவார்கள், சில சமயம் அடிப்பார்கள். ஆனால் இந்தப் பாட்டின் படத்தில் அடியும் இல்லை, உதையும் இல்லை. கிழவரும் காக்கையும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாட்டு முடிந்த பிறகும் பக்கத்தில் அந்த ஆட்டம் நிற்பதில்லை. ஊரார் சொன்னது வார்த்தையில் நடக்கிறது, கிழவரின் சந்தோஷம் கோட்டில் நடக்கிறது. எது ஜெயித்தது என்பதைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும்.

இப்போது படத்தை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது ஒரு கிழவரை அடித்து நொறுக்கும் பாட்டு. உடனே உங்கள் ஆசிரியர் குழுவில் யாராவது, "குழந்தைகளுக்கு இது ஆகாதே" என்பார். பாட்டையும் தூக்கிவிடுவீர்கள், அல்லது கடைசி அடியைத் திருத்துவீர்கள். பாட்டைக் கொடூரமாக ஆக்கியது லியர் அல்ல, உங்கள் கத்தரிக்கோல்.

அவருக்கு ஒழுங்காக வரையத் தெரியாது, அதனால் நாங்கள் மேம்படுத்துகிறோம் என்று யாராவது நினைத்தால், லண்டன் விலங்குக் காட்சிசாலையில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். பதினெட்டு வயதில், பாடம் செய்த உடல்களை நம்பாமல், உயிருள்ள கிளிகளைப் பார்த்தே வரைய ஆரம்பித்தார். 1832க்குள் 42 கிளிப் படங்களை அச்சிட்டு முடித்துவிட்டார். பிரேசிலில் வாழும் ஒரு நீல மக்காவ் கிளிக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள். அந்தக் கிளிப் படங்களைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் டார்பி பிரபு ஆனவர் தன் நோஸ்லி மாளிகையில் இருந்த பறவை, விலங்குகளை வரைய அவரை அழைத்தார். அந்த வீட்டுக் குழந்தைகளைச் சிரிக்கவைக்க உருவானவைதான் இந்தப் பாட்டுகளும் படங்களும். 1846இல் 'டெரி டவுன் டெரி' என்ற புனைபெயரில் நூலாக வந்தன. அதே ஆண்டு விக்டோரியா அரசிக்கு ஓவியப் பாடம் நடத்தியவரும் இவர்தான். பிறகு வைஸ்ராய் நார்த்புரூக் அழைத்து 1873இல் இந்தியாவுக்கு வந்து, இலங்கை வரை சுற்றி, கஞ்சன்ஜங்காவைப் பெரிய தைல ஓவியமாகவும் தீட்டினார்.

ஒரு இறகைக்கூட விடாமல் வரையத் தெரிந்த கைதான், வைட்ஹேவன் கிழவரை நாலே கோட்டில் கிறுக்கியது. அந்தக் கிறுக்கல் வேண்டுமென்றே செய்தது. அதைச் "சரிசெய்ய" ஒரு ஓவியருக்குக் காசு கொடுப்பது வீண் செலவு.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. 1861இல் அந்த நூலின் விரிவான பதிப்பு வந்த பிறகு, அதன் உரிமையை லியர் ரூட்லெட்ஜ் பதிப்பு நிறுவனத்துக்கு வெறும் 125 பவுண்டுக்கு விற்றுவிட்டார். அப்புறம் அது பதிப்பு மேல் பதிப்பாக ஓடியது. உங்கள் தொழிலுக்கு அவர் ஏற்கெனவே போதுமான அளவு தள்ளுபடி கொடுத்துவிட்டார். இறந்தது 1888இல். பாட்டைப் போலவே படங்களும் இன்று யாரும் எடுத்து அச்சிடலாம். பைசா செலவில்லை.

கறுப்புக் கோட்டுப் படம் கடையில் விற்காது என்பீர்கள். சரி, அட்டையில் எத்தனை நிறம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஆந்தையும் பூனையும் படகில் போகும் பாட்டு மாதிரி நீண்ட கதைப்பாடல்களுக்குப் புதிய ஓவியர்கள் வரைந்தால்கூட நான் அவ்வளவு சண்டைக்கு வரமாட்டேன். அங்கே கதையே தன்னைத் தாங்கிக்கொள்ளும், லியரின் படத்தையும் ஓர் ஓரத்தில் கொடுத்தால் நல்லது. ஐந்தடிப் பாட்டு அப்படி இல்லை. அதில் பாதிதான் எழுத்தில் இருக்கிறது.

தமிழில் கொண்டுவர நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈழத்துக் கவிஞர் மஹாகவி 'குறும்பா' என்று பெயரிட்டு 1966இலேயே இந்த வடிவத்தில் நூறு பாட்டு கொடுத்துவிட்டார். எனவே தமிழுக்கு இது வராது என்ற சாக்கு செல்லாது. மொழிபெயர்க்கும்போது ஊர்ப் பெயர் மாறலாம், எதுகை மாறலாம். படத்தை மொழிபெயர்க்கவே வேண்டாமே!

அடுத்த பதிப்பில் நான் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு லிமரிக்குக்கும் மேலே லியரின் படம், கீழே பாட்டு, இரண்டும் ஒரே பக்கத்தில். படத்தை வெட்டாமல், நிறம் பூசாமல் போடுங்கள். பாட்டுக்கு அடியில் "இதிலிருந்து நாம் அறிவது" என்று எதுவும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டும் ஒரு வாசகி