உன் ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது?

கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் தாளும் பேனாவும். நீ மொடக்குறிச்சியில் சுயேச்சையாக நிற்கப் போவது பால் சொசைட்டியில் ஊரான் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சரி, போகட்டும். உன் ஓட்டு இன்னும் கோயம்புத்தூரில்தானே இருக்கிறது? படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றிவிடு. தமிழ்நாட்டில் எங்கே ஓட்டு இருந்தாலும் இங்கே நிற்கலாம். ஆனால் உனக்கு நீ போட்டுக்கொள்ள முடியாது.

அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரனுக்கு முன்மொழிய ஒரு ஆள் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேருக்கும் இந்தத் தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும். மாமன் வீட்டில் நாலு தேறும். பெரியப்பாவைக் கேட்காதே, காரணம் உனக்கே தெரியும். டெபாசிட் 10,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் திரும்பாது. போனால் போகிறது, தேங்காய் விற்ற காசு இருக்கிறது.

நீ பேசிய வீடியோவைப் பார்த்தேன். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டால் கசிவுத் தண்ணீர் நின்று கிணறெல்லாம் வற்றும் என்றாயே, அப்போது பக்கத்தில் நின்றவரிடம் "நம்ம பொண்ணு" என்றேன். ஆனால் கடைமடைக்காரர்களை ஏன் அப்படி எடுத்தெறிந்து பேசினாய்? தண்ணீர் வந்தே சேராதவனுக்குக் கான்கிரீட்தான் வழியாகத் தெரியும். அவன் ஓட்டும் வேண்டுமல்லவா?

"மேட்டூர் பத்மராஜன் மாதிரியா?" என்று பெரியப்பா சிரித்தார். 1988ல் ஆரம்பித்து இருநூறு தடவைக்கு மேல் நின்று தோற்ற மனிதர். அவருக்குக்கூட 2011ல் மேட்டூரில் 6,273 ஓட்டு விழுந்தது என்று சொல்லி வாயை அடைத்தேன். ஓட்டை மாற்றிவிட்டாயா?

இதையே ஏன் கேட்கிறேன் என்றால், 1996, இதே மொடக்குறிச்சி. நீ கைக்குழந்தை. விவசாயிகள் குறையை எவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று ஆளுக்கு 250 ரூபாய் கட்டி மனுப் போட்டோம். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். தேர்தலையே தள்ளி வைத்தார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாக வந்தது. அந்த வருஷமே டெபாசிட்டை 5,000 ஆக்கிவிட்டார்கள். என் பெயரைத் தேடிப் பக்கம் புரட்டிக் கை வலித்தது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீயும் பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையாகச் சொன்னாய்.

நான் தேடவே இல்லை கண்ணு. உதயசூரியன் இருந்த பக்கத்தைப் பார்த்துக் குத்திவிட்டு வெளியே வந்தேன். சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 158 பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டு. 88 பேருக்கு அதுவும் இல்லை. அந்த 88 பேரில் உன் அப்பனும் ஒருவன்.

ஒன்றுமே விழவில்லை என்றால் அம்மாவும் போடவில்லை என்றுதானே அர்த்தம். எதில் குத்தினாய் என்று அவளை நான் கேட்டதில்லை. உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளவில்லையா என்று அவளும் கேட்டதில்லை. டெபாசிட் கட்டியது அவள் பால் ஊற்றிச் சேர்த்த காசு.

படிவம் 8, மறந்துவிடாதே. வெயிலில் அலையும்போது மோர் குடி. மனுவில் பிடித்த சின்னம் மூன்று எழுதச் சொல்வார்கள். எந்த மூன்றை எழுதப் போகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா